சுழன்ற தட்டம்

ஞாயிறு இரவு, மல்லாவி.

மகளுக்கு முதல் பல் முளைத்துவிட்டது, இன்று பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு. தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் புத்தகம், பேனை, காப்பு எல்லாம் பரப்பினார்கள். முதலில் எதை எடுக்கிறாளோ அதுதான் அவளுடைய எதிர்காலமாம். எல்லோரும் கைதட்டிக் கத்தினார்கள். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சின்னச் சில்வர் தட்டத்தின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சுழலவிட்டாள். நிறுத்தவேயில்லை.

மாமி என்னைப் பார்த்தார். எனக்கு ஆட்டிசம் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை என்னைப் போல வந்துவிடக் கூடாதென்று மாமியைவிட நான்தான் அதிகம் கும்பிட்டேன்.

மாமி தட்டத்தை எடுக்கப் போனார். இவர் விடவில்லை.

"விடுங்கோ அம்மா. பிள்ளை எதையோ பாக்குது. என்னெண்டு நானும் பாக்கிறன்."

பட்டு வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டார். அத்தனை சனத்துக்கு முன்னால் ஒரு கூச்சமும் இல்லை.

"இஞ்ச வாருமப்பா, தட்டத்துக்குள்ள வெளிச்சம் ஓடுது!"

எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நான் போத்தல் மூடியைச் சுழற்றினால் அடிதான் விழும். என் பக்கத்தில் யாரும் இப்படிப் படுத்துப் பார்த்ததில்லை.

போகும்போது மச்சாள் என் கையைப் பிடித்தார். "யோசிக்காதேங்கோ. எல்லாப் பிள்ளையளும் தட்டம் சுத்துங்கள்தானே. உங்களைப் போல வராது."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஓம் என்றேன். எதையோ பறிகொடுத்தது போல இருந்தது. குசினிக்குள் போய், கழுவி வைத்திருந்த அந்தத் தட்டத்தை எடுத்து ஒருமுறை சுழலவிட்டேன்.