ரவுண்டு பஸ்ஸில் விட்டுப்போன டியூக்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, சின்னவள், நான் மூவரும் நலம், என் வலது மணிக்கட்டு மட்டும் நலமில்லை. அங்கே நீ சுகம் என்று எழுதுவதை நான் பாதிதான் நம்புகிறேன், போன தடவை காய்ச்சலோடு படுத்துக்கொண்டே சுகம் என்று எழுதினவள்தானே நீ. மணிக்கட்டை நினைத்துப் பயப்படாதே. யாரோ பஸ்ஸில் விட்டுப்போன ஒரு தையல் மிஷினை ஆபீஸில் மேல் தட்டுக்கு ஏற்றப்போய்ப் பிசகிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள், எலும்பு முறியவில்லை. தையல் மிஷினை ஒருத்தர் எப்படி மறந்துவிட்டு இறங்குவார் சொல்லு, வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். பேனா பிடிக்க முடியாததால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது குறைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். (அக்கா, நான்தான். கூட்ட மாட்டேன். அம்மா தப்பாகச் சொல்கிற இடங்களில் மட்டும் இப்படி அடைப்புக்குறிக்குள் திருத்துவேன்.)

உனக்கு வந்திருக்கிற வரன், அந்தப் பல் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் நீ, அவரோடு இரண்டு தடவை டீ குடித்தேன், நல்ல மாதிரியாகத்தான் இருக்கிறார், கடைப் பையனிடம்கூட மரியாதையாகப் பேசுகிறார், ஆனால் எங்க வீட்டுல உபயோகமான புத்தகம் மட்டும்தான் வைப்போம் என்று அவர் சொன்னது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது என்று எழுதியிருந்தாய். பிறகு, அவங்க அப்பா அம்மா நம்ம ஊர்லதானே இருக்காங்க, நீயே பார்த்துச் சொல்லும்மா, நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம் என்று ஒரே வரியில் பாரத்தை என் தலையில் தூக்கி வைத்துவிட்டாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வேலை உனக்குத் தெரியும். பஸ் ஆபீஸில் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் பைக்குள்ளே என்ன இருந்தது, பிடி என்ன நிறம், ஜிப் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு யாரையும் முழுசாக நம்ப முடியாத புத்தி எனக்கு வந்துவிட்டது. குடையைப் பற்றி என்றால் தைரியமாகத் தீர்ப்புச் சொல்வேன். உன் வாழ்க்கை குடையா?

இதற்கு நடுவில் வீட்டுக்குள் ஒரு துணிப்பை வந்து சேர்ந்தது. மார்க்கெட், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வருமே ரவுண்டு பஸ், அதில் சீட்டுக்கு அடியில் கிடந்த பை. பை நிறையக் கதைப் புத்தகங்கள், இங்கிலீஷில். காத்திருக்கிற காலம் முடிந்தும் யாரும் கேட்டு வரவில்லை, ஏலத்திலும் போகவில்லை, அப்படி மிஞ்சுவதை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் சின்னவளுக்கு இங்கிலீஷ் வளரட்டும் என்று கொண்டுவந்தேன். அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. ஒவ்வொன்றிலும் தரையைப் பெருக்குகிற பாவாடையோடு ஒரு பெண், பக்கத்தில் தொடையைப் பிடிக்கிற கால்சட்டையோடு ஒரு ஆள். இது என்னடி, உனக்கு இந்த வயதில் இதெல்லாமா, எனக்குப் படித்துக் காட்டு பார்க்கலாம் என்றேன். (இவை ரீஜென்சி காலத்துக் காதல் கதைகள், அக்கா. இருநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்தில் நடக்கும். டியூக், சீமாட்டி, நடன விருந்து, குதிரை வண்டி எல்லாம் வரும். அம்மா சோதனை போடுவதற்காகத்தான் படிக்கச் சொன்னார், அது உண்மை. சோதனை முதல் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டது, அதுவும் உண்மை.)

அவள் கிடக்கிறாள். ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, கை கட்டோடு சும்மா உட்கார்ந்திருக்கிற சாயங்காலத்துக்கு அது மாதிரி ஒரு சுகம் வேறில்லை. சின்னவள் வாசித்து வாசித்து அப்போதைக்கப்போதே தமிழில் சொல்வாள். கதையில் ஒரு பாதிரியார் மகள், கையில் காசில்லை, வாய் மட்டும் அடங்காது. ஒரு டியூக், அதாவது பெரிய பிரபு, பணக்காரன், யாரோடும் ஆடமாட்டான், யாரைப் பார்த்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வான். அவனுக்கு எப்படியாவது பெண் பார்த்து முடித்துவிடத் துடிக்கிற அத்தையிடமிருந்து தப்பிக்க, இவளை நிச்சயம் செய்துகொண்ட மாதிரி நடிக்கச் சொல்கிறான். முடிவில் நிஜமாகவே கல்யாணம் ஆகிவிடும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துபோகிறது, தெரிந்தும் அடுத்தது என்ன என்று மனசு பதைக்கிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை. யாரும் சாவதில்லை. பெரிய ஆபத்து என்றால் மழை வரும், இல்லாவிட்டால் யாராவது மீன் குளத்தில் விழுவார்கள். எடுத்ததற்கெல்லாம் கையுறையைத் தொலைக்கிறார்கள், அந்த ஊரில் என் கவுண்டர் இருந்திருந்தால் ஓய்வே கிடைத்திருக்காது. அப்பா ஃபேன் ரிப்பேர் செய்கிற சாக்கில் அதே அறையில் உட்கார்ந்துகொள்கிறார். பற்றவைக்கிற கம்பி கையிலேயே ஆறிப்போகிறது, ஃபேன் அப்படியே கிடக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்டானா இல்லையா என்று அவர் சமையலறையிலிருந்து கத்திக் கேட்டபோது எனக்குச் சிரிப்பில் கட்டு அவிழ்ந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரின் அப்பாவும் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். டாக்டரின் அப்பா ரிட்டயரான கணக்கு வாத்தியார். வந்து உட்கார்ந்ததுமே நம் அலமாரியை விடைத்தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே பார்த்தார். அந்தம்மா அதிகம் பேசவில்லை, ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாராம், இப்போது குரலே வெளியே வரவில்லை. நாற்காலியில் கிடந்த டியூக் புத்தகத்தை எடுத்தார், அட்டையைத் தடவினார், இது எங்கே வாங்கினீங்க என்றார். நான் பதில் சொல்வதற்குள் வாத்தியார் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டார். உடனே நான், அது ஆபீஸ் குப்பை, எடைக்குப் போடணும் என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா சுட்டுக்கொண்ட மாதிரி கையை எடுத்தார். (அக்கா, முந்தின நாள் இதே குப்பைக்காகத்தான் அம்மா டீயைப் பொங்கவிட்டார்.) வாத்தியார் சின்னவளைப் பார்த்து, கதைப் புத்தகம் படிச்சா எந்தப் பரீட்சையில எத்தனை மார்க் வரும் பாப்பா என்று கேட்டார். இவள் சும்மா இருப்பாளா, மார்க் வராது மாமா, ஆனா டியூக் கோவிச்சுக்கிட்டு வண்டி ஏறிப் போயிட்டார், திரும்பி வருவாரா மாட்டாரான்னு தெரியாம எனக்குக் கணக்கே ஓடல என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்தம்மா டீயில் பால் ஊற்றிக்கொண்டே, எங்க போயிடுவான், சத்திரத்து வாசல்ல சக்கரம் கழண்டு மழையில நிப்பான் என்று முணுமுணுத்தார். என்ன என்றார் வாத்தியார். பால்ல ஆடை விழுந்திருக்குன்னேன் என்றார் அந்தம்மா. பாலில் ஆடை இல்லை. நான்தானே வடிகட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் அடுத்த அத்தியாயத்தைப் படித்தாள். டியூக்கின் வண்டிச் சக்கரம் சத்திரத்து வாசலில் கழன்றது, அவன் மழையில் நின்றான். அந்தம்மா முணுமுணுத்தது அப்படியே நடந்துவிட்டதே என்றேன். எல்லாக் கதையிலும் இதே எழவாத்தான் இருக்கும், யார் வேணும்னாலும் சொல்லலாம் என்றார் அப்பா. சின்னவள் பையிலிருந்த மற்றப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாள், வேறு எதிலும் சக்கரம் கழலவில்லை. அப்போதுதான் கதவுப் பக்கம் அந்தம்மா குடை இருப்பதைப் பார்த்தேன். என் அனுபவத்தில் மறந்துபோன குடை விழுந்து கிடக்கும், நனைந்து விரிந்து கிடக்கும். இது பட்டன் போட்டு, பிடி வெளிப்பக்கம் பார்க்க, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. மறந்த குடை இல்லை, திரும்பி வருவதற்காக வைத்த குடை. என்னத்துக்கு வரப்போறாங்க, தனியா வந்து நகை எவ்வளவுன்னு கேக்கவா, நம்ம பொண்ணைப் பத்தித் துருவவா என்று நான் ஒன்று மாற்றி ஒன்று யோசித்து அப்பாவைப் படுத்தி எடுத்துவிட்டேன்.

வந்தார். வாத்தியார் இல்லாமல் தனியாகத்தான். குடையைக் கையில் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார், கண் மட்டும் நாற்காலிப் பக்கம் போய்ப் போய் வந்தது. நான் உள்ளே போய் அந்தத் துணிப்பையைத் திறக்காமலே எடுத்துவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, ஆபீஸில் கேட்கிற அதே குரலில், இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க என்றேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒண்ணுல சிவப்புக் குடை பிடிச்ச பொண்ணு, ஒண்ணுல குதிரை, ஒண்ணுல அட்டை மேல காபி கொட்டின கறை, அது நான் கொட்டினது என்றார். எடைக்குப் போட்டுட்டீங்களோன்னு நேத்து பூரா எனக்கு உயிரே இல்லை சம்பந்தி என்றார். ஒன்றும் முடிவாகாமலே சம்பந்தி என்று கூப்பிடுகிறாரே என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். ஆனால் கண்ணீர் நிஜம்.

விஷயம் இதுதான். அவர் வீட்டில் கதைப் புத்தகம் எடுத்தால் வாத்தியார் ஒன்றும் சொல்லமாட்டாராம், எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று சிரித்துச் சிரித்துக் கேட்பாராம். ராணியம்மாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா என்பாராம். அந்தச் சிரிப்புக்கு அடி தேவலை என்றார். அதனால் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரவுண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு சுற்று முழுவதும் படித்துவிட்டு ஏறின இடத்திலேயே இறங்குவாராம். கண்டக்டர்கள் கூடப் பழகிப்போய் எந்த ஸ்டாப் என்று கேட்பதில்லையாம். ஒரு நாள் வாத்தியாரின் சிநேகிதர் முன்வாசலில் ஏறிவிட்டார், இவர் பின்வாசலில் இறங்கிவிட்டார், பை பஸ்ஸோடு போய்விட்டது. ஏன் வந்து கேட்கவில்லை என்றேன். வந்தேன், உள்ள என்னன்னு நீங்க எல்லார் முன்னாலயும் சத்தமா கேட்டுக்கிட்டு இருந்தீங்க, வரிசையில நின்னுட்டுத் திரும்பிட்டேன் என்றார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

புத்தகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நீ உட்கார்ந்துகொண்டு படி. உன் பல் டாக்டர்தான் வாங்கி அனுப்புகிறாராம். பார்சல்மேல் மருந்து என்று எழுதி அனுப்புவாராம். அம்மா பஸ்ஸில் சுற்றிப் படிப்பதும் அவருக்குத் தெரியுமாம். உன்னிடம் உபயோகமான புத்தகம் மட்டும்தான் என்று சொன்னாரே, அதே ஆள். நல்ல பையன் என்று அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். நல்ல பையன்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். அம்மாவுக்குக் காதல் கதை தேடி வாங்கி அனுப்புகிற மகனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அம்மா பஸ்ஸில் சுற்றிப் படிக்கிறாள் என்று தெரிந்தும், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பார்சலை மட்டும் கெட்டிக்காரத்தனமாகச் சுற்றத் தெரிந்தவர், நாளைக்கு உன்னையும் பத்திரமாகச் சுற்றித்தான் வைப்பார். நீ சின்ன வயதிலிருந்தே கூடத்தில் சோபாமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துப் படித்தவள். உன்னை ஜன்னலோர சீட்டில் உட்கார வைக்க எனக்கு மனசில்லை.

அந்தம்மாவை நம் வீட்டிலேயே வந்து படிக்கச் சொல்லிவிட்டேன். வருகிறார். இதைச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கும்போதும் அப்பாவின் நாற்காலியில்தான் இருக்கிறார், தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். பொண்ணு வீட்டை இன்னும் நல்லா விசாரிக்க வேண்டியிருக்கு, ஒரு தடவை போனா ஆகாது என்று வாத்தியாரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். பெண் சரி என்றாலும் விசாரணை முடிந்துவிடும், வேண்டாம் என்றாலும் முடிந்துவிடும், பையில இன்னும் நாலு புத்தகம் இருக்கு சம்பந்தி, பொண்ணைக் கொஞ்சம் நிதானமா யோசிக்கச் சொல்லுங்க என்கிறார். இது உன்மேல் உள்ள அன்பா, டியூக்மேல் உள்ள அன்பா, இல்லை என்னைக் குளிர்விக்கிற வேலையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை, அவரும் அந்தம்மாவும் எந்த டியூக் நல்லவன் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நீ என் பேச்சைக் கேட்கிறேன் என்றாய், இதை மட்டும் கேள். அடுத்த தடவை அவரைப் பார்க்கும்போது, நான் எழுதினது எதையும் காட்டிக்கொள்ளாமல், உங்க அம்மா எங்க உட்கார்ந்து படிப்பாங்க என்று கேள். பஸ்ஸில என்று வேடிக்கை மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னால், உன் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடு. சொல்லும்போது குரல் இறங்கினால் இன்னொரு டீ சொல்லு. அப்பாகிட்ட எப்போ சொல்லப் போறீங்க என்று அடுத்ததைக் கேள். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறாரோ, அதுதான் என் பதில்.

படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை மேஜைமேல் விட்டு வைக்காதே, யார் கண்ணிலாவது படும். நேரத்துக்குச் சாப்பிடு, கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படு. எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து, தலை நிமிர்ந்து இரு என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா

(எழுதியது சின்னவள். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. பல் டாக்டரின் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அம்மா கடைசிக் கேள்வியைச் சொன்னபோது அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அதை எழுதிவிடு பாப்பா, அடிச்சுடாதே என்று என்னிடம் சொன்னார்.)