ஐஸில் வைத்த மருந்து

தோணிரேவு,
தை 18, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கீதாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். அந்தமானில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமிக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படிக்காதே. மாப்பிள்ளை ரஞ்சித் கப்பல் ஜெட்டி வேலை முடிந்து வந்து, இரண்டு பேரும் சாப்பிட்ட பிறகு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. இதில் அவசரம் எதுவும் இல்லை, அவசரமானதைப் புதன்கிழமையே போனில் கத்திச் சொல்லிவிட்டேன். இது அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனது.

ஊர்ச் செய்தி என்று பார்த்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. புயலில் புரண்டுபோன போட்டை உன் பெரியப்பா மகன் தேவேந்திரன் ஒட்டுப்போட்டு ஏரியில் இறக்கிவிட்டான், என்ஜின்தான் கொஞ்சம் இருமுகிறது. பழவேற்காடு ரோட்டில் தண்ணீர் அறுத்த இடத்தில் மண் கொட்டியிருக்கிறார்கள், பஸ் வருகிறது. இறால் சுமாராகப் படுகிறது. பக்கத்து வீட்டு மாலா தினம் குழம்பு கொண்டுவந்து வைக்கிறாள், கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறேன். உன் அம்மா போய் இன்றோடு ஐம்பத்தேழு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை கீதா. காரியத்தன்று கூட வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தேவேந்திரன் போனில் உனக்கு அம்மா முகத்தைக் காட்டியபோது நீ அங்கே கதறினது கேட்டது, நான் மாலை வாங்க எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அத்தை, மனுசனுக்குக் கல்லு மனசுன்னு பின்னால் பேசினது காதில் விழுந்தது, கோபம் கூட வரவில்லை. மார்கழிக் குளிரில் வலை இழுத்து விரல் மரத்துப்போனால் மீன் முள் குத்துவது தெரியாது இல்லையா, அப்படி இருக்கிறது. கிழிந்த வலையைப் பொத்துகிறேன், வீடு பெருக்குகிறேன், டிரம்மில் தண்ணீர் மாற்றுகிறேன், பொழுது போய்விடுகிறது.

அந்த டிரம்மை வைத்து நீ செய்த கேலி கொஞ்சமா. ஐப்பசி பிறந்தால் போதும், நைனா புயலுக்குச் சீர்வரிசை எடுத்து வெக்குதுன்னு தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய். இந்த வருஷமும் ஒன்று விடாமல் எடுத்து வைத்தேன். மூடி போட்ட இரண்டு நீல டிரம்மில் குடிதண்ணீர், தகர டின்னில் அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும், டிபன் பாக்ஸுக்குள் தீப்பெட்டி, டார்ச், பதினாறு பேட்டரி, விசில், கயிறு, அப்புறம் ரேஷன் கார்டு ஆதார் மீனவர் அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மெழுகுவத்தி நெருப்பில் வாயை ஒட்டி அதை இன்னொரு கவரில் போட்டு. ஆறு நாள் கரண்ட் இல்லை, ரோடு இல்லை, போனும் இல்லை. நம் தெருவில் பதினொரு வீடு என் டிரம் தண்ணீரைத்தான் குடித்தது. அதைக் கேள்விப்பட்டுப் பொங்கல் கழிந்ததும் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து, புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் கூட்டம் போடுகிறோம், நீங்கள்தான் பேச வேண்டும் என்றார்கள். போனேன். டிரம் கழுவுவது முதல் கயிற்று முடிச்சு வரை அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் எழுந்து, ஊசி மருந்தெல்லாம் எப்டிங்க வெச்சிக்கறதுன்னு கேட்டாள். அத்த டாக்டராண்ட கேட்டுக்கம்மான்னு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதில் எனக்குத் தெரியும். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது.

அதற்கு நாலாம் நாள், புதன்கிழமை, நீ போன் செய்தாய். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற சுகர் உனக்கும் வந்து இன்சுலின் ஊசி ஆரம்பித்திருப்பதைப் பொங்கலன்றே சொல்லியிருந்தாய், வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்று அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நீ, ஊசி போட்டும் சுகர் எறங்கவே மாட்டேங்குது நைனா, டாக்டரம்மா ரெண்டு வாட்டி அளவக் கூட்டிட்டாங்கன்னு சொன்னாய். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். இங்க கரண்ட் போயி போயி வருது, அதான் மேல ஐஸ் கட்டி வெக்கற எடத்துலயே வெச்சிட்டேன், ஐஸ்ல இருந்தா எதுவும் கெடாதுன்னு நீதான சொல்லுவன்னு பெருமையாகச் சொன்னாய். அதைத் தொடாதே, தூக்கிப் போடு, புதுசு வாங்கு, ஆனால் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லாமல் கூட்டின அளவில் போடாதே, நல்ல மருந்தை அந்த அளவில் போட்டால் சுகர் ஒரேயடியாக விழுந்துவிடும் என்று கத்தினேன். இன்னாத்துக்கு நைனா இப்டி கத்தற, உனக்கு எப்டித் தெரியும்னு கேட்டாய். போனை வைத்துவிட்டேன். உடனே மாப்பிள்ளைக்குப் போட்டு அதையே மறுபடி சொன்னேன். மறுநாள் காலையில் அவர், டாக்டரைப் பார்த்தாகிவிட்டது, புது மருந்துக்கு அளவைக் குறைத்துவிட்டார்கள், ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். அதை நாலு தடவை படித்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்பதை இப்போது சொல்கிறேன்.

புயல் அலைச்சலில் அம்மாவுக்குச் சுகர் ஏறிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். அது பொய் இல்லை. ஏன் ஏறியது என்பதை மட்டும் மறைத்துவிட்டேன். அம்மாவின் மருந்து மாலா வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் என்று உனக்குத் தெரியும். கரண்ட் போனதும் அதை வாங்கிவந்தேன். கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தியதில் என் பெட்டியில் ஐஸ் முழுசாக இருந்தது. மூன்று நாள் கடலில் தங்கினால் வஞ்சிரத்தை எப்படி வைப்போமோ அப்படியே வைத்தேன். ஐஸை உடைத்துப் பரப்பி, குளிர்ச்சி ஏறக் கல்லுப்புத் தூவி, இரண்டு பாட்டிலையும் நடுவில் புதைத்து, மேலே மறுபடியும் ஐஸ், உப்பு, அதன்மேல் ஈரச் சாக்கு. மாலா பார்த்துக்கொண்டு நின்றாள். மீனே கெடாது, மருந்தா கெட்டுடும்னு அவளிடம் சொன்னேன். நாற்பது வருஷம் ஐஸோடு பழகிய திமிரில் சொன்னேன்.

காலை ஏழு, சாயங்காலம் ஏழு, ஒரு வேளை தவறவில்லை. பாட்டில் கல்லாக இருந்தால் உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கரைத்து ஏற்றினேன். இரண்டாம் நாளே அம்மா தாகம் என்றாள். இன்னாய்யா இது, எவ்ளோ குடிச்சாலும் நாக்கு ஒட்டினுகீதுன்னு சொல்லிச் சொல்லிக் குடித்தாள். நம்மகிட்டதான் தண்ணி கீதே, குடின்னு நானும் மொண்டு மொண்டு கொடுத்தேன். மூன்றாம் நாள் வாந்தி. புயலுக்காகப் பள்ளிக்கூடத்தில் ஊருக்கே ஆக்கிப் போட்ட சாம்பார் சாதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சுகர் பார்க்கிற மிஷின் இருந்தது, அதில் சொருகுகிற ஸ்டிரிப் தீர்ந்துபோயிருந்தது. பதினாறு பேட்டரி எண்ணி வைத்தவன் ஒரு டப்பா ஸ்டிரிப் வாங்கி வைக்கவில்லை. அன்றைக்கே தேவேந்திரன் வந்து, சித்தப்பா, காத்து கொஞ்சம் அடங்கினுகீது, வேற போட் ஒண்ணு கேட்டு வெச்சினுகீறேன், அதுல சின்னம்மாவ இட்டுனு போயிடலாம்னு கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். ஊசி ஒழுங்கா போவுதுடா, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினேன். நாலாம் நாள் மத்தியானம் அம்மாவை லோகு, லோகு என்று கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாள், பேச்சு வரவில்லை. அப்புறம்தான் போட்டில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. என்ன ஊசி போடுகிறீர்கள் என்று கேட்டபோது சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். உள்ளே பால் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. எதுல வெச்சிருந்தீங்க பெரியவரேன்னு கேட்டார். ஐஸ்ல, உப்பு போட்டுன்னு சொன்னேன். பாட்டிலை மேஜையில் வைத்தார். அப்புறம், இது உறைஞ்சா செத்துடும், நீங்க நாலு நாளா தண்ணியதான் போட்டுனு இருந்திருக்கீங்க, நெழல்ல ஒரு ஓரமா சும்மா வெச்சிருந்தாகூட நாலு வாரம் தாங்கியிருக்குமேன்னு சொன்னார். மனம் நோகச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை உன் அம்மா போய்விட்டாள். நான் ஒன்றுமே செய்யாமல் அந்தப் பாட்டிலை அலமாரியில் போட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள் கீதா. இதை யோசிக்காமல் ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை, ஆனால் யோசித்தாலும் உள்ளே எதுவும் அசையவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நர்ஸம்மாவிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், என் சொந்தப் புத்தியில் ஒன்றும் சொல்லவில்லை. சீல் உடைக்காத பாட்டில் ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் இருக்கட்டும், ஐஸ் பெட்டிப் பக்கம் போகவே கூடாது. கரண்ட் போய்விட்டால் இரண்டு மண்சட்டி வாங்கி, பெரியதில் மணலைப் போட்டு நனைத்து, சின்னதை அதற்குள் இறக்கி, மருந்தைக் காய்ந்த துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடு, வெயில் படாத மூலையில் வை. உறைந்தது என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போடு, கரைந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. ஸ்டிரிப் ஒரு டப்பா எப்போதும் அதிகமாக இருக்கட்டும். கைப்பையில் வெல்லமோ சர்க்கரையோ வைத்துக்கொள், திடீரென்று வியர்த்துக் கை நடுங்கினால் வாயில் போட. என்ன மருந்து, எத்தனை யூனிட், எந்த டாக்டர், மாப்பிள்ளை போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் போடு, உனக்கு மயக்கம் வந்தால் அடுத்தவர் படிக்க வேண்டும் இல்லையா. அங்கே கடலும் பக்கம், நிலமும் ஆடும், அதனால் பை எப்போதும் கதவருகே இருக்கட்டும். ஊசி போட்டும் தாகமும் வாந்தியும் வந்தால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாதே, யார் வேண்டாம் என்றாலும் கிளம்பிவிடு, நானே வேண்டாம் என்றாலும் கிளம்பிவிடு.

மாசி மாதம் பழவேற்காட்டில் இன்னொரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கே ஐஸ் விஷயத்தை எழுந்து நின்று சொல்லப்போகிறேன், நம் ஆட்கள் எல்லா வீட்டிலும் ஐஸ் பெட்டி இருக்கிறது, எல்லா வீட்டிலும் சுகரும் இருக்கிறது. முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தால் அது தேவேந்திரன் மூலமாகவாவது உன் காதுக்கு நாலு நாள் முன்பே வந்திருக்கும். ஊர் வாயால் வருவதற்கு முன் என் கையால் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் முதலில் எழுதுகிறேன். இங்கே யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புயல் என்கிறார்கள், வயசு என்கிறார்கள், நீ மட்டும் இல்லன்னா தெருவே தவிச்சிப் போயிருக்கும்னு மாலா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு நேற்றுத்தான் உண்மையைச் சொன்னேன். குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு அப்படியே போனாள், இன்று காலையும் கொண்டுவந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வந்தால் மாலா பார்த்துக்கொள்வாள், வராவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நீயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், மாப்பிள்ளை கையில் எடுத்த வேலையெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும். உன் அம்மா இருந்தால் இன்னும் நன்றாக வாழ்த்தியிருப்பாள். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் போன் போட்டுத் திட்டு, நான் போனை வைக்க மாட்டேன். பேசவே பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், எத்தனை வருஷமானாலும் சரி. இன்றைக்கு ஊசி போட்டாயிற்று, சுகர் இவ்வளவு என்று மாப்பிள்ளையை மட்டும் தினம் மெசேஜ் அனுப்பச் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா
அங்கமுத்து