பதினைந்தாவது வீடு

திருவண்ணாமலை
12.11.1978

அன்புள்ள சர்தார்,

நீ உயிரோடு இருக்கிறாயா என்று உன் ஃபோர்மேனுக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்பத்தூரில் தபால்பெட்டி கிடையாதா?

நான் இன்னமும் தொழுநோய் ஆஸ்பத்திரிப் பட்டறையில்தான். செருப்பு செய்கிறேன். வேலூர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன் செருப்பு தைக்கிறான் என்று சிரிப்பாய். சிரி. காலில் உணர்ச்சி போனவனுக்கு ஆணி ஏறினாலும் தெரியாது. அதனால் ஆணியே இல்லாமல், மெத்தென்ற ரப்பரில், ஒவ்வொரு காலுக்கும் தனி அளவெடுத்துச் செய்ய வேண்டும். உன் நட்டு போல்ட்டை விடக் கஷ்டம்.

புதுச் செய்தி இதுதான்: சமூகப் பணியாளர் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். பி.ஏ. இல்லாவிட்டாலும் டிப்ளமோவும் இரண்டு வருஷ ஆஸ்பத்திரி அனுபவமும் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். மாதத்தில் ஒரு வாரம் மெட்ராசில் வகுப்பு. எழுபத்தைந்து நாள் களப்பணி. பதினைந்து வீட்டு விசிட். அதில் ஒருவரைப் பற்றி முழு கேஸ் ரிப்போர்ட். கடைசியில் நேர்முகத் தேர்வு. எல்லாவற்றிலும் மேற்பார்வையாளர் கையெழுத்து இருந்தால்தான் செல்லும். தேறிவிட்டால் இங்கேயே பணியாளர் வேலை காத்திருக்கிறது.

எனக்கு வாய்த்த மேற்பார்வையாளர் ஜோதியம்மாள். பதினெட்டு வருஷ சர்வீஸ். "தம்பி, பேசறதைக் கம்மி பண்ணு, கேக்கறதை ஜாஸ்தி பண்ணு" என்று தினமும் ஒரு தடவை. எங்கள் கட்டிங் மெஷின்கூட இவ்வளவு சத்தம் போடாது.

தீபத்துக்கு வருகிறாயா? வந்தால் கூட்டத்துக்கு முன்பே வா.

உன்
கோதண்டராமன்


அம்பத்தூர்
26.11.1978

டேய் கோதண்டம்,

பதில் எழுதாதது குற்றம்தான். நைட் ஷிஃப்ட் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதை எழுதலாமா கூடாதா என்று யோசித்தே நாள் போய்விட்டது.

கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா, கைசர் ஜஹான் ஆபாவை உனக்குத் தெரியும். லீவில் ஆற்காட்டு வீட்டுக்கு வந்தால் உனக்கு நான்காவது ரொட்டி போட்டவர். அவர் முழங்கையில் ஒரு தேமல் வந்தது. சூடு பட்டாலும் தெரியவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில்தான் எட்டு மாதமாக மாத்திரை. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது. மாதம் ஒருநாள் துணியில் பூ வேலை செய்ய நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறார். மாமியார் முன்னி பேகம் கண்ணில் ஒரு தூசி தப்பாது. தெரிந்தால் ஆபாவை வைத்திருக்க மாட்டார்கள். மகள் நஸ்ரீனுக்கு ஆறு வயசுதான் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. மாத்திரை சரியாகப் போகிறதா என்று மட்டும் கவனி. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

சர்தார்


திருவண்ணாமலை
20.2.1979

அன்புள்ள சர்தார்,

கிழித்தாகிவிட்டது. இப்போது நல்ல சேதி கேள். ஆபாவை நேரிலேயே பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவர் மாத்திரைக்கு வரவில்லை. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நரம்பு கெட்டுப்போகும். அதனால் இரண்டு முறை வராதவர்கள் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. எனக்கும் பதினான்கு விசிட் முடிந்து ஒன்றுதான் பாக்கி. முந்தாநாள் கிளம்பினேன். செஞ்சி பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரி ஜீப் அந்தப் பக்கம்தான் சர்வேக்குப் போகிறது என்றார்கள். ஏறிவிட்டேன். சரியாக வாசலிலேயே இறக்கிவிட்டார் டிரைவர்.

தெருவே வெளியே வந்து பார்த்தது. ஜீப் என்றால் அப்படித்தான். மாமியார், "இன்னா தம்பி, யாரைப் பாக்கணும்?" என்றார். "கைசர் ஜஹான் அம்மாவைப் பார்க்கணும், ஆஸ்பத்திரி விஷயம்" என்றேன். நோய் பேரைச் சொல்லவில்லை, பயப்படாதே. ஆபா கதவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். நஸ்ரீனுக்கு அம்மை போட்டிருந்ததால்தான் வர முடியவில்லையாம். ஆபா ஜாஸ்தி பேசவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்ன அளவுக்கு மாமியார் ஒன்றும் மோசமில்லை. டீ கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளாசை வைக்கப் போனால், "நீங்களே எடுத்துனு போங்க" என்றார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. நல்ல கண்ணாடிக் கிளாஸ்.

பதினைந்தும் முடிந்தது. ஆபா கேஸையே முழு ரிப்போர்ட்டாக எழுதலாம் என்றிருக்கிறேன். ஆரம்ப நிலை, ஒழுங்கான சிகிச்சை, குடும்ப ஆதரவு எல்லாம் இருக்கிறது.

உன்
கோதண்டராமன்


ஆற்காடு
6.3.1979

கோதண்டராமனுக்கு,

நான் லீவு போட்டுவிட்டு ஆற்காட்டில் இருக்கிறேன். ஆபாவும் இங்கேதான் இருக்கிறார்.

உன் ஜீப்பில் இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? அந்தத் தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்கூடப் படித்துவிட்டான். நீ தெருமுனை திரும்புவதற்குள் சேதி வெற்றிலைக் கடை வரைக்கும் போய்விட்டது. அந்தக் கிளாசை உனக்கு ஏன் கொடுத்தார்கள்? உன் வாய் பட்டதை அந்த வீட்டில் இன்னொருத்தர் தொடக்கூடாது என்றுதான். ஆபாவுக்கும் அன்று சாயங்காலமே தனித் தட்டு, தனிச் சொம்பு. நான்கு நாள் பின்கட்டில் படுக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் மச்சான் ஒரு டிரங்குப் பெட்டியோடு கூட்டிவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பிப் போய்விட்டார். நஸ்ரீனை அனுப்பவில்லை. "புள்ளைக்கும் வந்துடும், தொடாதே" என்று குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாராம் மாமியார்.

ஆபா ஒரு வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. இனி யாருக்காகச் சாப்பிடணும் என்கிறார்.

ஒன்றுதான் கேட்கிறேன். எப்படிப் போக வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா?

சர்தார்


திருவண்ணாமலை
12.3.1979

சர்தார்,

சொல்லித் தந்தார்கள். முதல் நாளே சொன்னார் ஜோதியம்மாள். வண்டியை ஊருக்கு வெளியே விடு. நடந்து போ. ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு போகாதே. வாசலில் கேட்டால் துணிக்கடை, பால் சொசைட்டி என்று ஏதாவது சொல். நான் அதை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். நோட்டைத் திறந்து பார்த்தேன், என் கையெழுத்துதான். வேலைக்கு ஆகாத சம்பிரதாயம் என்று நினைத்தேன். பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நிற்க முடியவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியும். ஒட்டாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டேன், கடிதம் இத்துடன் இருக்கிறது. மச்சானிடம் நானே நேரில் போய்ப் பேசுகிறேன். நீ சரி என்று ஒரு வரி எழுது.

இன்னொன்று. கேஸ் ரிப்போர்ட் மார்ச் முப்பத்தொன்றுக்குள் போக வேண்டும். ஜோதியம்மாள், "இந்த விசிட்டை அடிச்சுட்டு பக்கத்துல அடி அண்ணாமலை கிராமத்துல ஒரு வீட்டுக்குப் போய்ட்டு வா, கையெழுத்து போடறேன்" என்கிறார். போனால் அரை நாள் வேலை. ஆனால் நடந்ததை மறைத்துவிட்டு வேறொன்றை எழுத எனக்கு வரவில்லை. நடந்ததையே எழுதினால் ஆபாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதுதான் விதி. படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பாக நினைக்காமல் வாங்கி அனுப்பு.

கோதண்டராமன்


ஆற்காடு
22.3.1979

கோதண்டராமனுக்கு,

ஒரு பெண்ணின் குடித்தனத்தைக் கலைத்துவிட்டு, கலைந்தது உண்மைதான் என்று அவளிடமே கையெழுத்து கேட்கிற தைரியம் உன் படிப்பில் வருகிறதா, இல்லை பிறவியிலேயே வந்ததா? உன் படிவத்தைக் கிழித்து அடுப்பங்கரையில் போட்டேன்.

ஆபா பொறுக்கி எடுத்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார். நான் சத்தம் போட்டேன். எங்கள் பாஷையில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அவன் எழுதட்டும். பேரை மாத்திட்டு எழுதட்டும். ஜீப்பு வாசல்ல நின்னதை எழுதணும். போ போன்னு நான் கை காட்டினதை, அவன் சிரிச்சுனே கையாட்டினதை எழுதணும். அதுல ஒண்ணு விட்டாலும் நான் போட்ட கையெழுத்து செல்லாதுன்னு சொல்லு. அடுத்தது யார் வீட்டு வாசல்ல யார் போய் நிப்பானோ, அவன் படிக்கட்டும். மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லாதே. அது இல்லை."

கையெழுத்து போட்டிருக்கிறார். இத்துடன் இருக்கிறது.

மச்சானைப் பார்க்கப் போகாதே. டாக்டர் கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவே இல்லை. ஜமாத்தில் பெரியவர்களை வைத்துப் பேசுகிறோம். குழந்தையாவது வரும் என்று நினைக்கிறோம். நீ குறுக்கே வந்தால் அதுவும் போய்விடும்.

இனி எனக்கு எழுதாதே. வேலூரில் சேர்ந்து படித்த மூன்று வருஷத்தை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதாதே.

சர்தார்


திருவண்ணாமலை
19.4.1979

சர்தார்,

எழுதாதே என்றாய். இதற்குப் பதில் போட வேண்டாம். ஒரு தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டை ஆபா சொன்னபடியே எழுதினேன். பெயரையும் ஊரையும் மாற்றினேன். வேறெதையும் மாற்றவில்லை. நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முழுதும் படித்துவிட்டு, "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். களப்பணியில் ஃபெயில் போட்டார்கள். எழுபத்தைந்து நாளும் பதினைந்து வீடும் மறுபடி முதலிலிருந்து. பணியாளர் வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். நான் பட்டறையில்தான் இருக்கிறேன். இது நியாயம்தான். புகாராக எழுதவில்லை.

தகவல் இதுதான். ஆபாவின் சிகிச்சைக் கார்டை வேலூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி ஜோதியம்மாளிடம் கேட்டேன். மாற்றிவிட்டார். அங்கே ரேணுகாம்பாள் என்று ஒரு பணியாளர் இருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை ஆற்காட்டில் உங்கள் தெருவுக்கு வருவார். பஸ்ஸில் வந்து நடந்தே வருவார். கையில் பை இருக்காது. தலையணை உறைக்குப் பூ வேலை செய்து தருவீர்களா என்று கேட்பார். ஆபா இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவார். அடுத்த செவ்வாய் மறுபடி வந்து அதையே கேட்பார். ஆபா மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். நரம்பு கெட்டுக் கை மடங்கிவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. என்மேல் இருக்கிற கோபத்தை மாத்திரைமேல் காட்ட வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

கார்டில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தாயிற்று. கேஸ் கைமாறினால் பழைய ஆள் அதைப் பற்றி விசாரிக்கக்கூடாது. அதுவும் ஒரு விதி. இங்கே மாதாந்தரக் கூட்டத்துக்கு ரேணுகாம்பாள் வருவார், எனக்கு எதிர் பெஞ்சில்தான் உட்காருவார். ஆபா மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா, குழந்தை வந்துவிட்டதா என்று நான் அவரிடம் கேட்க மாட்டேன்.

கோதண்டராமன்