சைகோன் பழக்கம்

12 நவம்பர் 1964, வியாழன்
காலையிலிருந்து தூறல். முதுநகரில் சாக்கடை நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

என் மச்சினன், ஜமீலாவின் தம்பி காசிமுக்கு இங்கே டாக்சி வேலை கிடைத்தது. சைகோனில் பல வருடம் டிரைவராக இருந்து இப்போதுதான் ஊர் திரும்பியவன். ராச்சோறு முழுக்க ரோட்டுப் பேச்சுதான். “அங்க ரோட்டுல வலப்பக்கம் போவணும் மச்சான். சைக்கிள் கூட்டம் ஜாஸ்தி, ஆனா பார்த்து ஒதுங்குவாங்க. இங்க ஆரன் அடிச்சிட்டா ரோடே தனக்குன்னு நெனைக்கிறாங்க.” மாட்டுவண்டிக்கு விளக்கில்லை, ரோட்டில் நெல் காயப்போடுகிறார்கள் என்று அடுக்கினான். ஜமீலாவுக்குச் சிரிப்பு.

15 நவம்பர், ஞாயிறு
மழை இல்லை.

சிதம்பரத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறான் காசிம். புதுச்சத்திரத்தில் நிறுத்தி டீ. பிறகு வண்டியை எடுத்தவன், காலி ரோட்டில் தன்னையறியாமல் வலப்பக்கமே போயிருக்கிறான். வளைவில் எதிரே சைக்கிள். முருகேசன், கொத்தனார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

“நெனப்பே இல்ல மச்சான். சைகோன்ல போறாப்ல போயிட்டேன்.” இதையே திரும்பத் திரும்ப.

16 நவம்பர், திங்கள்
வெயில். ஜாமீனில் வந்தான். சாப்பிடவில்லை.

டாக்சி முதலாளி வந்தார். “சைக்கிள்தான் பக்கம் மாறி வந்துச்சுன்னு டேசன்ல சொல்லியாச்சு. நீயும் அதையே சொல்லு. பார்த்தவன் யாரு?” ஜமீலாவும் அழுதாள்: “மூணு புள்ளைங்கடா ஒனக்கு.” நானும் தலையாட்டினேன். காசிம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

18 நவம்பர், புதன்
அரிசி எடுத்துக்கொண்டு முருகேசன் வீட்டுக்குப் போனோம், நானும் காசிமும். கூரை வீடு. வாசலில் அவருடைய வேலைச் சாமான், மண் அப்பிய கரணையும் மட்டப்பலகையும். யாரும் எடுத்து வைக்கவில்லை.

அவர் மனைவி என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். “தப்பு அவரு மேலதான்னு டேசன்ல சொல்றாங்க. ஓரமாத்தாங்க போவாரு எப்பவும். அன்னிக்கி மட்டும் ஏன் பக்கம் மாறினாரு?”

காசிமின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். உதறிவிட்டான்.

“அவரு சரியாத்தான் வந்தாரும்மா. நாந்தான் பக்கம் மாறி வந்தேன்.”

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். திண்ணையில் இருந்த அவளுடைய அண்ணன் எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

“டேசன்லயும் இதச் சொல்லுவியா?”

“இப்பவே வாங்க, போலாம்.”

இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அரிசியை அந்த அம்மாள் வாங்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தனியாக வந்தேன்.

ஜமீலா வாசலிலேயே நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“தம்பி எங்க?”