உச்சிவேளைப் புகை

நன்னிலம் பக்கம்,
ஆனி மாதம், 1984

செல்ல மகள் வேம்புவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆடுகளும் சுகம், டெல்லியில் உன் கண்ணெரிச்சல் தணிந்ததா என்பதை முதலில் எழுது.

ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, மிராசுதார் துரைக்கண்ணு ஆயில் என்ஜின் வைத்து இறைத்துத்தான் குறுவை நடவு நடக்கிறது. என்ஜின் நிற்காமல் ஓடும்போது ஆள் மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று உச்சிவேளை ஓய்வை வெட்டிவிட்டார். சங்கத்தில் கொடி பிடித்தோம், மனுஷன் அசையவில்லை. ஆளுங்கட்சிக்காரர் 'மெட்ராஸ்ல பேசுறேன்' என்று போனவர்தான். அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது. வண்டிப் புகை காலையில் வெறும் புகைதான், வெயில் ஏறினால் அது உடைந்து காற்றோடு கூடிக் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும் வேறொரு விஷமாகிறது, மத்தியானத்தில்தான் அது அதிகம் என்று எழுதியிருந்தாயே, அதை வரப்பில் நின்று உரக்க வாசித்தேன். பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுக் கரையேறிவிட்டார்கள். மிராசுதாருக்கு ரோஷம் வந்துவிட்டது. 'வெயிலாவது விஷமாவது, எங்க தாத்தா காலத்துலேருந்து இதே வெயில்தான்' என்று குடையை மடக்கிவிட்டு என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். புகை முழுக்க அவர் முகத்தில். கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் கொட்ட எழுந்து, 'மருதையா, உன் பொண்ணு பொல்லாதவதான், வெயில் தாழ வேலைக்கு வாங்க' என்றார்.

ஒரு என்ஜின் புகை திறந்த வயலில் கலைந்து போய்விடும், அந்த விஷம் சேர ஊர் கொள்ளாத வண்டிகள் வேண்டும் என்று கடித மடிப்பில் நீ எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை. மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, நான் என்ன செய்ய? ஆனால் தன்வினை தன்னைச் சுடும் என்பது சரிதான். உன் அம்மா, 'அடுப்பும்தான் புகையுது, எனக்கும் உச்சிவேளை ஓய்வு' என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் எனக்குப் பழைய சோறுதான்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த விஷத்தை அளக்க நீ தினமும் உச்சிவெயிலில் மொட்டை மாடியில் மீட்டரோடு நிற்பதாக அதே கடிதத்தில் இருக்கிறது. உன்னால் நடவாட்களுக்கெல்லாம் நிழல் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்கள் ஆபீசில் சங்கம் உண்டா? இல்லையென்றால் சொல், நான் ரயிலேறி வருகிறேன், கொடி கைவசம் இருக்கிறது.

மாரியம்மன் உன் கண்ணைக் காக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. மத்தியானம் நீ நிற்பது வெயிலிலா நிழலிலா என்பதை மறக்காமல் எழுது. மடிப்பிலேயே எழுது, இனி அதைத்தான் முதலில் பிரிப்பேன்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
மருதையன்