அந்தத் தட்டை நான் மேடையில் துடைத்ததே இல்லை

நியூயார்க்
1932 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் எம்மெட்டுக்கு அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். மனசைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் எதையும் அடக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவளாக இருந்தால் நான் ஏன் நாடகத்துக்கு வந்திருக்கப் போகிறேன். முதலில் வீட்டுச் செய்தியை முடித்துவிடுகிறேன். வீட்டுக்காரி மிஸஸ் டூலி இந்தக் குளிரிலும் அறையைச் சூடாக்கும் நீராவிக் குழாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், கேட்டால் "நடிகருங்கதானே, சூடா இருக்கிற மாதிரி நடிங்க" என்கிறாள், அவளுடைய பூனை என் பக்கத்து அறை நடிகை பர்டியின் பொய்முடிப் பெட்டிக்குள் குட்டி போட்டுவிட்டது, பர்டி பெட்டியைத் திறந்து போட்ட கூச்சலை மேடையில் போட்டிருந்தால் அவளுக்கு எப்போதோ பெரிய வேஷம் கிடைத்திருக்கும். கிழவர் ஃபின்ச் இத்தனை வருஷம் மேடையில் பட்லர் வேஷமே போட்டாரே, வேலை இல்லாமல் இப்போது லாங் ஐலண்டில் ஒரு பணக்கார வீட்டுக்கு நிஜ பட்லராகவே போய்விட்டார், லீவு நாளில் வந்து "அம்மணி, வேலை ஒண்ணும் கஷ்டமில்ல, ஆனா அந்த வீட்டுல எவனுக்கும் எங்க நிக்கணும்னே தெரியல" என்று புலம்புகிறார். நம் தெருவில் இன்னும் இரண்டு நாடகக் கொட்டகை படக் கொட்டகையாகிவிட்டது.

நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்தது, கடிதமும் வந்தது. படம் பார்த்தாயா என்று கேட்கக்கூட இல்லை நீ. போன கடிதத்தில் படம் சரியாக வரவில்லை, நீ போய்க் காசை வீணாக்காதே என்று எழுதியிருந்தாய், அதற்கு முன்னே நீ மேடையில் போட்ட விடுதிக்காரி வேஷத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள் அம்மா, அதனால்தான் உன்னைக் கூப்பிட முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் நம்பினேன். பிள்ளை தன்னடக்கமாக எழுதுகிறான், அவன் நடிகர்களுக்கு வசனம் சொல்லிக் கொடுத்த முதல் படம், பெற்றவள் பார்க்காமல் யார் பார்ப்பது என்று பர்டியையும் ஃபின்ச்சையும் மிஸஸ் டூலியையும் இழுத்துக்கொண்டு மேட்டினிக்குப் போனேன். என் பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன்டா! டிக்கெட் கிழிக்கிறவனிடம்கூட என் மகன் வேலை செய்த படம் என்று சொன்னேன்.

உன் பெயர் திரையில் வந்ததும் கையைத் தட்டினேன், முன்னால் இருந்தவன் திரும்பி முறைத்தான், ஃபின்ச் அவனிடம் "பெத்தவங்கப்பா, விடு" என்றார். அப்புறம் கதை ஓடியது, நாங்கள் மேடையில் போட்ட அதே கதை, அதே மாடிப்படி, அதே சாப்பாட்டு மேஜை. கதவு திறந்து விடுதிக்காரி வந்தாள். கோரா வில்மாட்! எனக்கு கோரா வில்மாட் என்றால் உயிர் என்று உனக்குத் தெரியும், பத்திரிகையில் வந்த அவள் படத்தை வெட்டி மேக்கப் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தவள் நான். பர்டி என் காதில், "அடி ஹாட்டி, இந்த வேஷத்தை எடுத்துட்டாங்கன்னு சொன்னியே?" என்றாள். எங்கேயோ தப்பு நடந்திருக்கும், பையனுக்குத் தெரியாமல் கடைசியில் திரும்பச் சேர்த்திருப்பார்கள் என்று அந்த இருட்டிலும் உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். கதையில் மாடி அறையில் குடியிருந்த இளைஞன் செத்துவிட்டான் என்று தகவல் வருகிற இடம் வந்தது. கோரா மேஜையில் தட்டு வைத்துக்கொண்டே வந்தாள், மறதியாக அவன் இடத்திலும் வைத்தாள், நின்றாள். கவிழ்க்கப் போகிறாள், மேடையில் நான் கண்டுபிடித்த செய்கையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று வயிறு எரிந்தது, அது வரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், நாடகத்தைப் பார்த்த யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கவிழ்க்கவில்லை. தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மேலங்கி நுனியால் துடைத்தாள். சுத்தமான தட்டைத் துடைத்தாள் எம்மெட். அதற்கப்புறம்தான் கவிழ்த்தாள்.

கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். மிஸஸ் டூலி, வாடகைக்கு நிற்கும்போது கல்லாக நிற்பாளே அவள், கைக்குட்டைக்குள் தேம்பினாள். பர்டி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ இதைப் பண்ணதே இல்லையே, நல்லா இருக்கே, இது யாரு யோசனை?" என்றாள். யார் யோசனை என்று நான் எப்படிச் சொல்வேன்.

ஹார்ட்ஃபர்டில் போட்டுப் பார்த்தபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நியூயார்க்குக்கு வருமுன் வெளியூரில் வைத்து வெட்டுவார்கள், வெட்டு எப்போதும் சின்ன வேஷக்காரர்கள் மேல்தான் விழும், என் வசனம் எல்லாம் போய் "சாப்பாடு ரெடி" மட்டும் மிஞ்சியது. வாயைப் பிடுங்கிக்கொண்டார்கள், கையாவது பேசட்டும் என்று அந்தத் தட்டைக் கவிழ்த்தேன். கதாசிரியரே எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் வேலைக்காரி, நர்ஸ், அத்தை, தபால்காரன் பெண்டாட்டி என்று எத்தனை வேஷம் போட்டேன், பத்திரிகையில் என் பெயர் வந்தது அதற்கு மட்டும்தான். எனக்கு முடியாத நாளில் வேஷம் போட வைத்திருந்த லாட்டி, இருபது வயசுப் பெண், எனக்குக் காய்ச்சல் வந்த அன்று படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மிஸ் கீகன், இன்னிக்கு ஒரு நாள் உங்க தட்டை நான் கவிழ்த்துக்கலாமா?" என்று கேட்டாள். நம் நாடக ஜனங்களில் அதுதானே வழக்கம். வசனம் எழுதினவனுடையது, செய்கை கண்டுபிடித்தவருடையது, கேட்காமல் யாரும் தொட மாட்டார்கள். துணி மூட்டை மேல் தூங்கி, மேடைக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளை நீ, உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

அந்த நாடகம் இங்கே ஓடிய வசந்தத்தில் லீவு என்று வந்தாய். தினமும் கொட்டகைப் பால்கனியில் உட்கார்ந்தாய். நீ மேலே இருக்கிறாய் என்று எனக்குக் கால் தரையில் படவில்லை, அந்த வாரம் நான் நடித்த மாதிரி அதற்கு முன்னும் நடித்ததில்லை, பின்னும் இல்லை. கதாநாயகி மிஸ் ஆல்டென்கூட "என்ன கீகன், இந்த வாரம் யாரு வந்திருக்கா, ராஜாவா?" என்று கிண்டல் செய்தாள், என் மகன் என்றேன். சனிக்கிழமை மேட்டினி முடிந்து மூலைக் கடையில் ஆட்டுக்கறி சாப்பிடும்போது, "அம்மா, தட்டைக் கவிழ்க்கிறப்போ மனசுல என்ன நினைச்சுப்பே?" என்று கேட்டாய். யாருக்கும் சொல்லாததை உனக்குச் சொன்னேன். உன் அப்பா டான், டேட்டன் ஊரில் விஷக்காய்ச்சலில் போன தந்தி வந்த சாயங்காலம் நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன், நீ கட்டிலில் தூங்கினாய். அவருக்கும் ஒரு தட்டு வைத்திருந்தேன். ஊரில் இருந்தால் டான் தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து "ஹாட்டி, நேத்து குழம்பு இன்னும் இதுல இருக்குடி" என்று சீண்டுவார், தினமும் அதே கேலி, தினமும் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு நானே தூக்கிப் பார்த்தேன், துடைத்தேன், கவிழ்த்தேன். மேடைக்குக் கவிழ்த்ததை மட்டும்தான் கொடுத்தேன், துடைத்ததை எனக்கென்று வைத்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த அழுகை பொய் என்று எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை. அழுதுவிட்டு ரயிலேறிப் போய் அதை கோராவிடம் கொடுத்திருக்கிறாய்.

பர்டியிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உன் பக்கம் பேசுகிறாள், "தெரிஞ்ச முகம்தான் வேணும்னு கம்பெனிக்காரன் சொல்லியிருப்பான், பையன் மறுத்தா அவன் வேலை போயிருக்கும்டி" என்கிறாள். இருக்கட்டும். முகத்தை நான் கேட்கவில்லை, என் முகம் யாருக்கு வேண்டும். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே ரயிலேறி வந்து கோராவுக்குத் தட்டை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்திருப்பேன், அவளை நேரில் பார்த்த சந்தோஷத்தில் செத்தே போயிருப்பேன். அவள் நன்றாகத்தான் செய்தாள், அதுதான் இன்னும் எரிகிறது. லாட்டி ஒரு நாளைக்குக் கேட்டாள். நீ காலத்துக்கும் எடுத்துக்கொண்டு, கேட்கவும் இல்லை, அந்த வேஷமே இல்லை என்று பொய்யும் எழுதினாய்.

அதற்கப்புறம் நடந்ததையும் கேள். படம் ஓடுகிற சூட்டில் நாடகத்தையும் ஊர் ஊராகப் போடலாம் என்று மேனேஜர் கிரான்ட்ஸ் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். டிரென்டனில் ஆட்டம் முடிந்து வாசலில் ஒரு பெண், நல்ல மனசுக்காரி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "படத்துல கோரா பண்ணின மாதிரியே பண்றீங்க, ஆனா துடைக்கிறதை மறந்துட்டீங்களே" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிரான்ட்ஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் ஒத்திகையில் "ஹாட்டி, துடைக்கிறதையும் சேர்த்துக்கோ, ஜனம் அதைப் பார்க்கத்தான் வருது" என்றான். முடியாது என்றேன். "ஏன், கையில சுளுக்கா?" என்றான். காரணம் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பான், ஆனால் ஒரு தடவை சொன்னதன் பலனைத்தான் பார்த்துவிட்டேனே, அதனால் சொல்லவில்லை. அன்றைக்கு மேடையில் தட்டை வைத்தேன், துடைக்கவில்லை, கவிழ்க்கவும் இல்லை, வைத்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். கொட்டகையில் ஒருத்தரும் மூக்கு உறிஞ்சவில்லை, யாரோ இருமினார்கள். உள்ளே வந்ததும் கிரான்ட்ஸ் "காட்சியைக் கொன்னுட்டியே பாவி!" என்று குதித்தான், மறுநாளே லாட்டிக்கு வேஷத்தைக் கொடுத்துவிட்டான். அவள் என்னிடம் ஓடி வந்து, "நான் துடைக்க மாட்டேன் மிஸ் கீகன், சொல்லுங்க, மாட்டேன்" என்று அழுதாள். அவளும் சாப்பிட வேண்டாமா, துடைத்துக்கொள் கண்ணு, இனி அது யாருடையதோ என்றேன். அவள் கேட்டாள், நான் கொடுத்தேன்.

இப்போது பிலடெல்பியாவில் ஒரு நாடகத்தில் நர்ஸ் வேஷம் கிடைத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை போகிறேன். வசனம் மூன்று, ஒத்திகைக்கு முன்னாலேயே ஒன்றை வெட்டிவிட்டார்கள். இந்தத் தடவை கையைச் சும்மா மடித்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

அந்த ஊரில் வெயில் அதிகம், தொப்பி இல்லாமல் அலையாதே. ராத்திரிச் சாப்பாட்டைக் காப்பியோடு முடித்துக்கொள்ளாதே, உன் அப்பாவுக்கு இருந்த அதே பலவீன நெஞ்சுதான் உனக்கும். ஞாயிறு பூசையை விடாதே. உன் அப்பாவைப் பற்றி அங்கே யார் கேட்டாலும் காய்ச்சலில் போனார் என்று மட்டும் சொல், அதற்கு மேல், அந்தத் தட்டுக் கேலியைப் பற்றி, ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், உன் வேலை நிலைக்கட்டும், அதை நான் மனசாரத்தான் வேண்டிக்கொள்கிறேன். நீ கிழக்கே வந்தால் வீட்டுக்கு வா, மிஸஸ் டூலியிடம் உனக்குப் படுக்கை சொல்லி வைக்கிறேன், சண்டை போட மாட்டேன். ஆனால் நான் நடிக்கிற கொட்டகைக்கு வருவதானால் இனிமேல் கீகன் அம்மாவின் மகன் என்று சொல்லி வாசலில் இலவசமாக நுழையாதே, அங்கங்கே வாசல்காரரிடம் சொல்லிவிடுவேன். மற்ற ஜனங்களைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு வா.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
ஹாட்டி கீகன்