தொலேதோவுக்குக் கொண்டுபோன மெழுகுதிரி

செப்ரெம்பர் 3

மகள் கிருபாஷினி எங்கள் இருவருக்கும் ஸ்பெயினில் தொலேதோ நகருக்கு ரிக்கெற் எடுத்துத் தந்திருக்கிறாள். அங்கே பேராலயத்தில் சிரிக்கிற மாதா இருக்கிறார். என் மனுசன் அல்பேட், தன் சபைப் பாஸ்டரைக் கேட்டுவிட்டு வந்து, "ஊர் பாக்க வாறன். கோயிலுக்குள்ள வரமாட்டன்" என்கிறார். என்னைக் கலியாணம் கட்டினது பாஸ்டரா?

செப்ரெம்பர் 5

ஐந்து வயதில் கிருபாஷினி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபோது, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்தேன். பிள்ளை பிழைத்தாள். அதற்குள் இவர் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, வீட்டிலிருந்த மாதா சுரூபத்தைக் குப்பையில் போட்டார். இங்கே டென்மார்க்கில், எங்கள் ஹேர்னிங்கில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனால் சபையில் கதைப்பார்களாம். "சபையில நன்றி சொல்லியாச்சு, காணும்" என்றார்.

நேர்ந்தது நானல்லவா?

செப்ரெம்பர் 8

மெழுகுதிரியைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று.

செப்ரெம்பர் 12, தொலேதோ

காலையில் ஒரு பழைய மண்டபம். யூதர்கள் தொழுத இடம், பிறகு மாதா கோயிலாக்கினார்களாம், இப்போது பார்க்க மட்டும். வெள்ளை வெளேரென்ற வளைவுகள். அதற்குள் மட்டும் இவர் துரை மாதிரி வந்தார், சிலை இல்லையாம். ஒருத்தர் கும்பிட்ட இடத்தை மற்றவர் பிடுங்கினதுதானே இது? எங்கட வீடும் அப்பிடித்தான்.

பேராலயத்துக்குத் தனியே போனேன். மாதா உண்மையாகவே சிரிக்கிறார், பாலன் அவர் நாடியைத் தடவுகிறார். மெழுகுதிரியை வெளியே எடுத்தேன். காவலாளி விரலை ஆட்டினான். நெருப்பு கூடாதாம்! மின்குமிழ் எரிகிற தட்டொன்றைக் காட்டினான். பொத்தானை அமத்தவோ நான் டென்மார்க்கில இருந்து வந்தனான்?

வாசலில் நின்ற இவர், "என்ன, அழுதனீரோ?" என்றார். நடுத்தெருவில் கத்திவிட்டேன்: "உங்கட பிள்ளைக்காகத்தானே நேர்ந்தனான்! இத்தனை வருசமா மறிச்சனீங்கள்!" சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

செப்ரெம்பர் 13

மெழுகுதிரியைத் திரும்பவும் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

செப்ரெம்பர் 21, ஹேர்னிங்

கிருபாஷினி சாப்பிட வந்தாள். மேசை நடுவில் அந்த மெழுகுதிரி நின்றது. பெட்டியிலிருந்து எடுத்தது நானில்லை. இவர் நெருப்புக்குச்சி உரசிக் கொளுத்தினார். அவள் வழமைபோல டேனிஷில் வடிவாக இருக்கிறது என்றாள்.

"அம்மான்ர நேர்த்தி" என்றார், என் முகத்தைப் பாராமல். "முழுக்க எரியட்டும். ஊதி நூக்காதை."

குப்பைக்குப் போன மாதா திரும்பி வரப் போவதில்லை. நன்றி என்று நான் சொல்லவுமில்லை. இவர் ஜெபம் தொடங்கியதும் சுடரைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டேன். இவர் கண் திறந்திருந்தது. ஜெபத்தை நிறுத்தவில்லை.